அம்மணிக்கு ஏற்ற காடு

"அதெல்லாம் சரிம்மா. அங்க அதுங்களுக்கு யாரு சாப்பாடு போடுவாங்க?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சார், அது காடு."

"காடுதான், புரியுது. காலையில வந்து பார்க்க ஒரு ஆள் இருப்பான்ல?"

"யாரும் இருக்க மாட்டாங்க சார். அதுங்களே தேடிக்கும்."

"கிடைக்கலைன்னா?"

அந்தப் பெண் அவரை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்த அவர் மனைவியைப் பார்த்தாள். இந்த மனிதரை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்களேன் என்பது போன்ற பார்வை. மனைவி சிரிக்கவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. "அவர் மிருகக்காட்சிசாலையில வேலை பார்க்கிறவர்மா. கரடியைப் பார்த்துக்கிறவர். கேக்கிறதைக் கேக்கட்டும், நீங்க தெரிஞ்சதைச் சொல்லுங்க" என்றாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் இருந்தது அந்தப் பயண அலுவலகம். நாலு சுவரிலும் நாலு காடுகள். ஒரு சுவரில் சிறுத்தை கொட்டாவி விட்டது, இன்னொன்றில் யானைக்கூட்டம் தூசி கிளப்பிக்கொண்டு போனது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பிடிக்க யாரோ சிறுத்தைக்கு நேர் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். அவருக்கு அந்த அறையில் பழகின பொருள் அது ஒன்றுதான். வாளி நிரம்ப இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று பார்த்துக்கொண்டே, அந்தப் பெண் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் நல்ல வியாபாரி. புல்வெளிக் காட்டுக்குப் போனால் ஜீப்பில் உட்கார்ந்தபடியே கண்ணுக்கு எட்டின தூரம் வரை பார்க்கலாம், மந்தை மந்தையாக மேயும். ஆற்றுக் காட்டில் படகு. கரையில் தண்ணீர் குடிக்க வருவதையெல்லாம் சத்தமில்லாமல் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மலைக் காட்டில் வண்டியே கிடையாது, நடைதான். கூட ஒரு வழிகாட்டி வருவார். காலடித் தடம், மரத்தில் கீறின நகம், ஈரம் காயாத சாணி என்று எல்லாம் காட்டுவார், மிருகத்தைத் தவிர. இதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வெயில் காலத்தில் போனால் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு எல்லாம் தானாக வரும். மழை முடிந்த கையோடு போனால் புல் ஆளுயரம் நிற்கும், பக்கத்திலேயே படுத்திருந்தாலும் தெரியாது. எந்தக் காட்டைப் பற்றிச் சொன்னாலும் கடைசியில் "வாய்ப்பு இருக்கு" என்றுதான் முடித்தாள். பார்ப்பீர்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"கரடி எங்க நல்லா இருக்கும்?" என்று மனைவி கேட்டாள்.

கரடி எல்லாவற்றிலும் உண்டு என்றாள் அந்தப் பெண். ஆனால் கரடி கூச்சக்காரப் பிறவி, உத்தரவாதம் இல்லை. ஒவ்வொரு காட்டுக்கும் ஒன்றாக வழவழப்பான தாள்களை எடுத்து அடுக்கிக் கொடுத்து, நாளை மாலைக்குள் சொன்னால் இடம் பிடித்து வைக்கலாம், அதற்கப்புறம் கூட்டம் அள்ளிக்கொண்டு போய்விடும் என்றாள். படிக்கட்டு இறங்கும்போதுதான் அவருக்கு வாளி ஞாபகம் வந்தது. நிரம்பியிருக்கும்.

ஊரில் அவரை எல்லோரும் கரடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவர்கள்கூட உறையின் மேல் அப்படி எழுதிவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்துத் திருத்துவார்கள். இளைஞனாக வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஒரு பெண் கரடிக்குட்டியை அவர் கையில் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்து அதற்கு ஒரு பெயரும் தேர்ந்தெடுத்துப் பலகையில் எழுதி மாட்டினார்கள். அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. குட்டி நடக்கிற நடையையும் பார்க்கிற பார்வையையும் பார்த்துவிட்டு அவர் வைத்த பெயர் அம்மணி.

அம்மணி போய்விட்டது. வயசாகித்தான் போனது, யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. ஒரு நாள் காலையில் அவர் வழக்கம் போல உள் அறையின் தூக்குக் கதவைக் கம்பியை இழுத்து உயர்த்தினார். அது எழுந்து வரவில்லை. டாக்டர் வந்தார், நாலு பேர் தார்ப்பாயில் வைத்துத் தூக்கிப்போனார்கள். அவர்கள் போனதும் அவர் தினமும் செய்வது போல உள் அறையைக் கழுவினார். முந்தின நாள் தின்னாமல் விட்ட பாதிப் பூசணிக்காயை எடுத்து வாளியில் போட்டார். பூட்டினார். கை கழுவிவிட்டு டீ குடித்தார். டீ சூடாக இருந்தது, அவ்வளவுதான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறவரைப் போல அதற்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தார். வேறு வண்டிகளெல்லாம் வந்து போயின.

மிருகம் செத்தால் துக்க விடுப்பு என்று எந்த விதியிலும் இல்லை. சூப்பிரண்டு நல்ல மனிதர். உடம்பு சரியில்லை என்று எழுதி அவராகவே விடுப்புக் கொடுத்து அனுப்பிவைத்தார். போகும்போது கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தை உடைத்துச் சொன்னார். காட்டுச் சாலையில் லாரியில் அடிபட்ட தாய்க் கரடி ஒன்றின் குட்டியைக் கொண்டுவந்து பின்னால் தனிக் கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். கரடிக்காரர் ஏற்றுக்கொண்டால் அது அம்மணி இருந்த இடத்துக்கு வரும். இல்லையென்றால் வேறு ஊரில் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம். இங்கே கரடிப் பகுதியை மூடிவிட்டு, இவருக்கு வாசலில் நுழைவுச்சீட்டு கிழிக்கும் வேலை போடலாம். "போய் ஒரு காட்டைப் பாருங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் இல்லாத கரடி எப்படி இருக்குன்னு பாருங்க. ஆனா போறதுக்கு முன்னாடி, திங்கட்கிழமை வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. சரியா, இல்லையா. குட்டியை ரொம்ப நாள் அந்தரத்தில வெக்க முடியாது."

ஒரே ஒரு வார்த்தை. அதைத்தான் அவரால் எடுக்க முடியவில்லை. சரி என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார், கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது. இல்லை என்று சொல்லிப் பார்த்தார், அதுவும் அதே கிணற்றில் போய் விழுந்தது. இரண்டுக்கும் சத்தம் வரவில்லை.

பேருந்தில் மனைவி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். தாள்களைச் சுருட்டிக் கைப்பையில் செருகியிருந்ததால் யானையின் தும்பிக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கல்யாணமான புதிதிலிருந்தே அவளுக்கு அம்மணி சக்களத்திதான். "அவ வீட்டுக்குப் போயிட்டு வந்த வாசனை அடிக்குது, குளிச்சிட்டு வாங்க" என்று அவரை வாசலிலேயே நிறுத்துவாள். தேன் பாட்டில் வாங்கினால் "எனக்கா, அவளுக்கா?" என்று கேட்பாள். தன் அக்காவிடம் தொலைபேசியில், ஊரில் இருக்கிறவளுக்கெல்லாம் பட்டுப் புடவை கட்டின சக்களத்தி வாய்க்கிறாள், எனக்கு வாய்த்தவளுக்கு உடம்பெல்லாம் மயிர் என்று சொல்லிச் சிரிப்பாள். வெளியூரில் வேலையில் இருக்கும் மகன் சின்னப் பையனாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில், எங்க அப்பாவுக்கு ரெண்டு வீடு என்று சொல்லித் தொலைத்து, வாத்தியார் கூப்பிட்டு விசாரித்ததும் உண்டு. அம்மணி போனதிலிருந்து அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. அன்றைக்குப் பேருந்தில்தான் மறுபடி எடுத்தாள்.

"சக்களத்தி தொலைஞ்சா பொண்டாட்டிக்கு யோகம்னு சொல்லுவாங்க. என் யோகத்தைப் பாருங்க. புருஷனைக் கூட்டிக்கிட்டுக் காட்டுக்குப் போக வேண்டியிருக்கு."

இந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. உதட்டை அசைத்தார். அவள் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைகள் போயின, ஒரு பெட்ரோல் நிலையம் போனது, துணி காயும் மாடிகள் போயின. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயின. பார்க்க வந்த கூட்டம் கம்பிக்கு வெளியே நகர்வது போலத்தான் இருந்தது அவருக்கு. உள்ளே இருப்பது யார் என்பதில்தான் ஏதோ மாறிப்போயிருந்தது.

வீட்டு வாசலில் அவள் பூட்டைத் திறந்தாள். உள்ளே போனதும் அவர் திரும்பி, தாழ்ப்பாளைப் போட்டு, அதன் மேல் கையை வைத்து "ஒண்ணு" என்றார்.

அது வேலையிடத்துப் பழக்கம். மிருகம் இருக்கும் பக்கத்துக் கதவை ஒருவர் மட்டும் பூட்டினால் போதாது. பூட்டினவர் பூட்டைத் தொட்டு "ஒண்ணு" என்று சொல்ல வேண்டும். கூட இருப்பவர் வந்து, அதே பூட்டைத் தானும் தொட்டு இழுத்துப் பார்த்து "ரெண்டு" என்று சொல்ல வேண்டும். இரண்டு குரலும் கேட்ட பிறகுதான் அடுத்த கதவு. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. இப்போது வந்துவிட்டது. சொல்லிவிட்டு, பதில் வரும் வரை கையை எடுக்காமல் நின்றுகொண்டே இருப்பார். முதல் தடவை மனைவி என்ன ஏது என்று கேட்டாள். இரண்டாம் தடவை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அப்புறம் ஒரு நாள், செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து, தாழ்ப்பாளைத் தொட்டு, "ரெண்டு" என்றாள். அன்றிலிருந்து அப்படியே.

இன்றும் வந்து தொட்டாள். "ரெண்டு. வாங்க, சாப்பிடலாம்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் ரெண்டு வந்தான். அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன். காலமெல்லாம் அவருக்குப் பின்னால் வந்து "ரெண்டு" சொல்லிச் சொல்லி அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. சம்பளம் போடும் குமாஸ்தாவே அவனை அப்படித்தான் கூப்பிடுவார். பெரிய உடம்பு, சின்னக் குரல். நாற்காலியில் பாதிதான் உட்காருவான், எந்த நேரமும் யாரோ எழுந்திரு என்று சொல்லப்போகிறார்கள் என்பது போல.

மேசை முழுக்கக் காடுகள் பரந்து கிடந்தன. ரெண்டு ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தான். மனைவி அவனுக்கு டீ வைத்துவிட்டு, இவர் எதைக் காட்டினாலும் நொட்டை சொல்கிறார், நீயாவது ஒன்றைச் சொல்லு என்றாள்.

"நானா அண்ணி? நான் ஒரு தடவை போயிருக்கேன், மாமனார் வீட்டோட. காடுங்கறது பூரா பின்பக்கம்தான் அண்ணி. முன்னாடி போன ஜீப்போட பின்பக்கம் பார்த்தேன். டிரைவரோட பின்கழுத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு மான் வந்துச்சு, அதுவும் திரும்பி நின்னுடுச்சு. எங்க மாமியார் இன்னிக்கு வரைக்கும் புலி பார்த்தேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுது. அது மண்மேடு. நான்தான் எதுக்கு வம்புன்னு, ஆமா அத்தை வால்கூட ஆடிச்சுன்னு சொல்லி வெச்சேன்."

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது. கரடிக்காரர் அந்தச் சத்தத்தைக் கவனித்தார். பக்கத்து வீட்டில் ஏதோ விழுந்தால் கவனிப்போமே, அப்படி.

நாள் முழுக்க மிருகங்களுக்கு நடுவிலேயே இருக்கிற ஆட்களுக்குக் காட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. மிருகக்காட்சிசாலையில் குதிரைக்காரர், பாம்புக்காரர், பறவைக்காரர் என்று அத்தனை பேரிலும் காட்டுக்குப் போனவன் ரெண்டு ஒருவன்தான். அவன் பார்த்ததும் ஒரு மானின் முதுகு.

டீயைக் குடித்து முடித்ததும் அவன் யாரும் கேட்காமலேயே குட்டியைப் பற்றி ஆரம்பித்தான். தின்னாமல் இல்லை, தின்கிறது. ஆனால் ஆள் இருக்கும்போது தொடுவதில்லை. நாள் முழுக்க மூலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. சூப்பிரண்டு தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போகிறார்.

"நீயே பார்த்துக்கலாமே" என்றார் கரடிக்காரர்.

"எனக்கு ஒண்ணு வராதுண்ணே. நான் ரெண்டு சொல்லப் பொறந்தவன். நீங்க லீவுல போன மறுநாள், எங்கிட்டக் கோழிக் கூண்டைக் குடுத்துப் பூட்டச் சொன்னாங்க. பூட்டைத் தொட்டுட்டு வாய் தானா ரெண்டுன்னுது. கூட இருந்தவன், ஒண்ணு எங்கடான்னு கேக்கறான்."

மனைவி மறுபடி சிரித்தாள். ரெண்டும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வந்த விஷயத்துக்கு இன்னும் வரவில்லை என்று அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"டாக்டர் ஒண்ணு சொல்லச் சொன்னாருண்ணே. நீங்க நாளைக்குச் சரின்னு சொன்னா, மறுநாளே ஆள் வந்துடும். பழைய கரடி இருந்த இடத்தில புதுசை அப்படியே விடக் கூடாதாம். வாசனையிலயே அது மிரண்டுடுமாம். உள் அறையைச் சுரண்டி, மருந்து அடிச்சு, வெள்ளையடிக்கணும்னாரு."

"தரையா?"

"சுவருண்ணே."

"சுவர் முழுக்கவா?"

"முழுக்க."

கரடிக்காரர் மேசையில் இருந்த தாள்களை நேராக அடுக்க ஆரம்பித்தார். யானைக்கு மேல் சிறுத்தையை வைத்தார், சிறுத்தைக்கு மேல் ஆற்றை வைத்தார், ஓரங்களை விரலால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினார். ரெண்டு கொஞ்ச நேரம் இருந்து பார்த்தான். அப்புறம், வர்றேன் அண்ணே, வர்றேன் அண்ணி என்று எழுந்து போனான். அவன் போனதும் அவர் கதவைச் சாத்தி "ஒண்ணு" என்றார். மனைவி வந்து "ரெண்டு" சொன்னாள். ஆனால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

சாயங்காலம் பயண அலுவலகப் பெண் மனைவியின் கைபேசிக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். போன வாரம் மலைக் காட்டுக்குப் போன யாரோ எடுத்தது, ஐயாவுக்குக் காட்டுங்கள், கரடி தெளிவாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். மனைவி கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்து அவருக்கு நேரே நகர்த்தினாள்.

நல்ல தெளிவான படம். காய்ந்த சரிவில் ஒரு கரடி புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. தோண்டும், மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சும், தலையை உதறும். யாரையும் எதிர்பார்க்காமல் தின்றது. அப்புறம் என்ன தோன்றியதோ, திரும்பி, மெத்து மெத்தென்று நடந்து புதருக்குள் போனது. புதர் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது. படம் முடிந்தது.

அவர் விரலால் பின்னுக்கு இழுத்து மறுபடி பார்த்தார். மறுபடியும். மூன்றாம் தடவை, கரடி போகிற இடத்தில் கைபேசியை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்க போச்சு?"

"உள்ள போயிடுச்சு."

"எந்தக் கதவு வழியா?"

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவருக்கே கேட்டது. ஆனால் வெட்கம் வரவில்லை. கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் காதுக்கு யாரும் மருந்து போட்டிருக்க மாட்டாங்க. இந்த இடம் ஆகாது" என்றார்.

"அப்ப ஆத்துக் காடு?"

அதில் முதலை இருக்கிறது என்றார். தண்ணீருக்குள் இறங்கிக் குளிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அது சரிப்படாது. புல்வெளிக் காட்டில் நிழல் என்று பேருக்கு ஒரு மரம், மத்தியான வெயிலில் தோல் பொத்துப்போகும். வீடியோவில் பார்த்ததுதான் இருப்பதிலேயே குளுமை, தொந்தரவு இல்லை, ஆனாலும் வேண்டாம்.

"ஏன் வேணாம்? நல்லாத்தானே இருக்கு. மெதுவா நடந்து போலாம்."

"மேடு. இடுப்பு வலியை வெச்சுக்கிட்டு மேடு ஏற முடியுமா? ராத்திரி குளிர்ல இன்னும் பிடிச்சுக்கும்."

அவள் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது.

"எனக்கு இடுப்பு வலியே இல்லீங்க."

தெருவில் யாரோ இருசக்கர வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். அது கிளம்பவில்லை.

"உங்களுக்கும் இல்ல" என்றாள். "நேத்துலேருந்து நான் நாம போறதுக்கு இடம் தேடிக்கிட்டிருக்கேன். நீங்க அவளை அனுப்பறதுக்கு இடம் தேடறீங்க."

உண்மைதான் என்று அவருக்குத் தெரிந்தது. இடுப்பு வலி அம்மணிக்குத்தான் இருந்தது. ஒரு மிருகத்தை வேறு இடத்துக்கு அனுப்பும்போது, அதைப் பார்த்துக்கொள்கிறவர் முன்னாடியே போய், நிழல் இருக்கிறதா, தண்ணீர் எப்படி, வைத்தியம் பார்க்க ஆள் உண்டா என்றெல்லாம் பார்த்துவிட்டு வந்து ஒப்புதல் சொல்வது வழக்கம். பாம்புக்காரர் ஒரு தடவை அப்படிப் போய்விட்டு வந்து ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினார். கரடிக்காரருக்கு அந்த வேலை வாய்க்கவே இல்லை. இப்போது மூன்று காட்டையும் பார்த்து, மூன்றும் ஆகாது என்று சொல்லியாகிவிட்டது. மனைவி அதைக் கண்டுபிடித்துவிட்டதும் ஏதாவது உடையும் என்று நினைத்தார். ஒன்றும் உடையவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, கிள்ளுகிற விரலுக்குத்தான் தெரியும், கிள்ளப்படுகிற இடத்துக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்தது.

"அந்தச் சுவர்ல என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

அவர் முதலில் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். இத்தனை நாள் பேசாததையெல்லாம் சேர்த்து வைத்துப் பேசுகிறவர் போல இல்லை, யாரோ வழி கேட்டதற்கு இடது கை வலது கை என்று சொல்கிறவர் போலச் சொன்னார். உள் அறையில், கதவுக்கு எதிர் மூலையில், இடுப்புயரத்தில் ஒரு இடம் இருக்கிறது. அம்மணி குட்டியாக வந்த நாளிலிருந்து முதுகைத் தேய்த்துக்கொண்டது அங்கேதான். அது வளர வளர அந்த இடமும் மேலே ஏறிக்கொண்டே போனது. வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து, மயிரில் இருக்கும் எண்ணெய் ஏறி ஏறி, சிமெண்டு கறுத்து, வழுவழுவென்று ஆகிவிட்டது. உள்ளங்கையை வைத்தால் நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். காலையில் மேல் ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழும்போது மழை பெய்து ஓய்ந்த தார்ச்சாலை மாதிரி மினுங்கும். கழுவும்போது அந்த இடத்தில் மட்டும் அவர் பிரஷ் போட மாட்டார். சும்மா தண்ணீரை ஊற்றுவார். கடைசி நாளும் அப்படித்தான் ஊற்றினார்.

சொல்லி முடித்ததும் அவர் மேசை விளிம்பைப் பார்த்தார்.

"சரின்னு சொன்னா அதைச் சுரண்டிடுவாங்க. இல்லைன்னு சொன்னா குட்டி வேற ஊருக்குப் போயிடும். ரெண்டுல எது நடந்தாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது போல இருக்கு. அதுதான் கொஞ்சம் பயமா இருக்கு."

பயமாக இருக்கிறது என்பதையும் அவர் பயமில்லாத குரலில்தான் சொன்னார்.

கைபேசி அடித்தது. பயண அலுவலகப் பெண். மனைவி எடுத்து, ஆமாம்மா, பார்த்தோம்மா, நல்ல கரடிம்மா என்றாள். எந்தக் காடு என்று இன்னும் முடிவாகவில்லை, கூட்டம் அள்ளிக்கொண்டு போனால் போகட்டும், உங்கள் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தாள். செம்பிலிருந்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். தனக்கும் ஊற்றிக்கொண்டாள், குடிக்கவில்லை.

கல்யாணமாகி வந்த முதல் வருஷம் அவரோடு வேலையிடத்துக்குப் போயிருக்கிறாள். தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டார். வேலைக்காரர்களைத் தவிர வேறு யாரும் அதைத் தாண்டக் கூடாது, பெண்டாட்டியானாலும் சரி, மந்திரியானாலும் சரி என்றார். விதி விஷயத்தில் அவர் இம்மியும் பிசகாத மனிதர். அவளும் அதற்கப்புறம் கேட்டதில்லை. மகனைத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக, அகழிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்ப்பாள். அங்கேயிருந்து பார்த்தால் அம்மணி ஒரு கறுப்பு மூட்டை மாதிரி தெரியும். பையன் கை காட்டுவான். கறுப்பு மூட்டை இந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது, பின்கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று இருவருக்கும் தெரியும், அவளுக்கும் கரடிக்கும்.

இதையெல்லாம் அவள் அவரிடம் இப்போது சொன்னாள், ஒரு குறையாக இல்லாமல், பழைய கதையாக. சொல்லும்போது தாள்களை ஒவ்வொன்றாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே வந்தாள். மேசை காலியாகிவிட்டது.

"ஒரே புருஷனை வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு" என்றாள். "அவ வீட்டை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல."

அவர் நிமிர்ந்தார்.

"நாளைக்குச் சூப்பிரண்டுகிட்ட நீங்க எதைச் சொல்றதா இருந்தாலும் சொல்லுங்க. அதுல நான் தலையிடல. ஆனா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, அந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி என்னை உள்ள கூட்டிட்டுப் போய், அந்தச் சுவரை ஒரு தடவை தொட்டுப் பார்க்க விடறீங்களா?"